பச்சைக் குழந்தைக்கு முதுகெலும்பு வைத்தியம் எதற்கு?

கைரோபிராக்டிக் என்றால் முதுகெலும்பைக் கையால் அழுத்தி, திருப்பி, நெட்டி முறித்துச் செய்யும் வைத்தியம். 1895-ல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பால்மர் என்பவர் ஆரம்பித்தது. காது கேட்காத ஒருவருக்கு முதுகைச் சரிசெய்து கேட்க வைத்தேன் என்றார் (காது நரம்பு முதுகுப் பக்கம் போவதே இல்லை, அது வேறு கதை!).

பெரியவர்கள் இடுப்பு வலிக்கு இதைச் செய்துகொள்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பதினாறு வயதுப் பையனாவது "வலிக்குது, விடுங்க" என்று சொல்லிவிடுவான். இரண்டு வாரக் குழந்தை என்ன சொல்லும்?

ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. மெல்போர்னில் அப்படிப்பட்ட ஒரு சிசுவைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிய வீடியோ வெளியாகி, 2019-ல் பெரிய கூச்சல். இரண்டு வயதுக்குள் முதுகெலும்பில் கை வைக்கக்கூடாது என்று கைரோபிராக்டிக் வாரியமே சொன்னது. விக்டோரியா மாநில அரசின் ஆய்வு, தீங்குக்குச் சான்று மிகக் குறைவு என்றது. வைத்தியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பலனுக்கும் சான்று மிகப் பலவீனம் என்று அதே ஆய்வு சொன்னதைச் சௌகரியமாக விட்டுவிட்டார்கள். 2023-ல் வாரியம் தடையைத் தளர்த்தியது. அமைச்சர்கள் எதிர்க்கவே 2024-ல் மறுபடி பழையபடி!

"எங்கள் குழந்தைக்குச் சரியானதே" என்பார்கள் பெற்றோர். பொய் சொல்லவில்லை. காரணமில்லாமல் வீறிட்டு அழும் குழந்தையின் அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். உச்சத்தில் வைத்தியம் தொடங்கினால் எந்த வைத்தியமும் பலித்த மாதிரிதான் தெரியும். நம் ஊரில் 'உரம்' எடுப்பவருக்குக் கிடைக்கும் பெயரும் இப்படித்தான்.

ஆஸ்துமாவுக்கும் இதே கதை. 1998-ல் கனடாவில் ஆஸ்துமா உள்ள 91 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை. வழக்கமான மருந்தோடு, ஒரு பாதிக்கு நிஜ வைத்தியம், மறுபாதிக்குச் சும்மா கை வைத்து நடிப்பு. நான்கு மாதத்தில் இரு தரப்புக்கும் தொந்தரவு குறைந்தது. நிஜத்துக்கும் நடிப்புக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை.

அங்கே மருந்தை யாரும் நிறுத்தவில்லை. வீட்டில் அப்படியா? முதுகை முறித்ததால்தான் இளைப்பு குறைந்தது என்று நம்பி இன்ஹேலரை மூட்டை கட்டும் அம்மாவுக்கு, ராத்திரி பிள்ளைக்கு மூச்சு முட்டினால் கையில் எதுவும் இருக்காது.