பலகை எங்கே, தோழர்களே?



ஒரு மாணவர் இறந்துவிட்டால் என்ன செய்வதென்று நமக்கு நன்றாகத் தெரியும். இரவோடு இரவாக பிளக்ஸ் அடிப்போம், மெழுகுவத்தி வாங்குவோம், முழக்கம் எழுத மூன்று பேர் வந்துவிடுவார்கள். அதற்கு முந்தைய மாதம் முழுக்க அவர் தூக்கமில்லாமல், மெஸ் பக்கமே வராமல் கிடந்தது மட்டும் நம்மில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கண்ணீர் அஞ்சலி செலுத்துவதில் நாம் கெட்டிக்காரர்களாகிவிட்டோம். எனக்கு இது வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

உதவியே இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. 14416 என்ற எண் 2022 அக்டோபர் முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. டெலி மானஸ் என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். சென்னையில் சிநேகா அமைப்பு 1986 முதல் சாக நினைப்பவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டுவருகிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போக ஓ.பி. சீட்டு போதும், சிபாரிசு வேண்டாம். இவ்வளவும் இருந்தும் விடுதியில் படுத்துக் கிடக்கிறவனுக்கு எதுவும் எட்டவில்லை. கவுன்சிலிங் என்று சொல்லிப் பாருங்கள், பொறியியல் கலந்தாய்வு எந்தத் தேதியில் என்றுதான் கேட்பான்!

இதில் நம் பங்கும் உண்டு. கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. நமக்கோ அந்த ஊர்ப் பெயரே கேலி. “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று நம் மாணவர் சங்க அறையிலேயே சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்டவன் நம்மிடம் வாய் திறப்பானா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தீயிலிருந்து ஓட முடியாமல் போனவர்களையும் சேர்த்து 28 உயிர்கள் போயின. நோயை மறைக்கச் சொல்லும் அதே பயம்தான் இன்று மகளை மருத்துவரிடம் காட்டினால் கல்யாணம் நின்றுபோகும் என்று வீட்டில் பேசுகிறது.

இப்போது நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காகத் தங்கியிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான நெறிமுறைகளைப் பிறப்பித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய நிறுவனம் என்றால் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்சாக முடிந்தவரை பிரிக்கக் கூடாது. பயிற்சி மையங்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். தனிச் சட்டம் வரும்வரை இதுவே கட்டுப்படுத்தும்.

ஆகவே நாளைக்கே முதல்வர் அறைக்குப் போங்கள். “எங்கள் கல்லூரியின் ஆலோசகர் யார், எந்த அறையில், எத்தனை மணிக்கு இருப்பார்?” என்று எழுத்தில் கேளுங்கள். கணக்குப் பேராசிரியருக்கே அந்தப் பொறுப்பையும் கொடுத்திருக்கிறோம் என்று பதில் வந்தால் அதை ஏற்காதீர்கள். உதவி எண் பலகை எங்கே என்று கேளுங்கள். அலுவலக வாசலில் மாட்டினால் போதாது. விடுதி மாடிப்படியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், யாரும் பார்க்காத நேரத்தில் படிக்கக்கூடிய இடத்தில் வேண்டும்.

இன்னொரு வேலை இதைவிடக் கடினம், முழக்கம் போடாமல் செய்ய வேண்டியது. துணைக்குப் போவது. காலையில் உதவி தேவைப்படுகிறவரோடு பேருந்து ஏறி, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, மருத்துவர் அறை வாசல்வரை போய் வெளியே உட்காருங்கள். முதல் தடவை பத்து நிமிடத்தில் முடிந்து, “இதற்கா வந்தோம்” என்று தோன்றும். அடுத்த தேதிக்கும் கூட்டிப்போங்கள். நாம் மருத்துவர்கள் இல்லை, அறிவுரை வேண்டாம். யாராவது சாவைப் பற்றிப் பேசினால் “அப்படி எண்ணம் வருகிறதா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாமல், அங்கிருந்தே 14416க்கு அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று குடும்பம் தயங்கினால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. நாம் துணைக்குப் போனவரின் பெயர் மட்டும் நம் வாட்ஸாப் குழுவுக்கு வரக் கூடாது. ஒரு தடவை கசிந்தாலும் அதன்பின் எவரும் நம்மிடம் வர மாட்டார்கள்.

நம்மிலேயே சிலர் பல வாரங்களாகக் கூட்டத்துக்கு வரவில்லை. ‘ஒதுங்கிவிட்டார்’ என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம். முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள மாணவர் விடுதியில் தொடங்குகிறோம். சுவரொட்டியில் ஐந்து இலக்கங்கள் மட்டுமே, தலைவர் படம் கிடையாது. பசை வாளி என்னிடம் இருக்கிறது. ஏணி பிடிக்க ஆள் வேண்டும்.