வளைவிலே வேண்டாம் வாத்தியம்!

போன தை மாதம் பூப்பாறையில் என் நாத்தனார் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டியது எங்கள் வீடு. போடியிலிருந்து ஒரு வேன் பேசி, சீர்த்தட்டு, பித்தளைக் குடம், பழக்கூடை, குழந்தை குட்டி என்று பதினைந்து பேர் ஏறிக் கொண்டோம். மறுநாள் காலையில் விசேஷம். அதனால் முதல் நாள் மாலை நாலு மணி வாக்கில் கிளம்பினோம்.

முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இளசுகள் பாட்டுப் போடச் சொன்னார்கள். டிரைவர் தம்பியும் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து, பாட்டோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை மவுத் ஆர்கனில். உண்மையைச் சொல்கிறேன், அருமையாக வாசித்தார். நாங்களும் கை தட்டினோம். "இன்னொரு பாட்டு வாசிங்க தம்பி" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அதுதான் இன்று வரை என் மனதை உறுத்துகிறது.

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில் திரும்பும்போது ஸ்டியரிங்கை ஒடிக்க ஒரு கை, கியர் மாற்ற ஒரு கை, மவுத் ஆர்கனுக்கு ஒரு கை... மூன்று கைக்கு அந்தத் தம்பி எங்கே போவார்? வண்டி பாதையின் வலது பக்கம் ஏறி விட்டது. எதிரே ஏலத் தோட்டத்தில் வேலை முடிந்து இறங்கி வந்த ஜீப். அந்த ஜீப்காரர் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்திருக்கிறார். எங்கள் பாட்டுச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. இரண்டு பேரும் பிரேக் போட்டு நின்றபோது, நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இருந்திருக்காது. ஜீப்புக்குப் பக்கத்தில் பள்ளம். எனக்கு நெஞ்சு பகீர் என்றது.

ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாம் பெண்கள். மடியில் தூக்குச் சட்டியோடு, நாளெல்லாம் ஏலப் பழம் எடுத்த களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் வயதான ஓர் அம்மா இறங்கி வந்து, டிரைவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களைப் பார்த்துத்தான் கேட்டார்: "ஏந்தாயி, உங்களுக்கு இது ஒருநா கூத்து. நாங்க தெனமும் இதே ரோட்டுலதான வாரோம்? எங்க புள்ளைக வாசல்ல காத்துக்கிட்டு இருக்குமே!"

யாருக்கும் பதில் வரவில்லை. மெட்டு போய்ச் சேரும் வரை வேனில் சத்தமே இல்லை.

இதை எழுதக் காரணம், இது எங்கள் ஒரு வேனில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை என்பதால்தான். ஸ்டியரிங்கில் தாளம் போடுவது, கை இரண்டையும் விட்டுத் தட்டுவது, ஓட்டிக்கொண்டே செல்போனில் பாட்டுத் தேடுவது, ஏர் ஹாரனில் மெட்டுப் போடுவது என்று எல்லாமே வேடிக்கை ஆகிவிட்டது. 2019 நவம்பரில், வயநாடு கல்பற்றாவைச் சேர்ந்த ஒரு சுற்றுலா பஸ் டிரைவர், ஓடுகிற வண்டியில் மாணவிகளைக் கியர் மாற்ற விட்ட படம் செல்போன்களில் பரவியது. கேரள மோட்டார் வாகனத் துறை அவருடைய லைசென்சை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தது. அந்த டிரைவர் செய்தது தப்புதான். ஆனால் சுற்றி நின்று சிரித்து ரசித்தவர்களுக்குப் பங்கு இல்லையா? எங்கள் வேனில் கை தட்டிய எனக்கும் பங்கு உண்டு அல்லவா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகம் என்பது மெதுவாகப் போவது போலத்தான் தோன்றும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி எட்டு மீட்டருக்கு மேல் ஓடி விடுகிறது. பாட்டு மாற்ற மூன்று விநாடி குனிந்தால் 25 மீட்டர், அதாவது இரண்டு பஸ் நீளம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். சமவெளியில் தப்பிக்கலாம். மலைப் பாதையில் அடுத்த வளைவு அதற்குள் வந்து விடும்.

இன்னொன்று, மலையிலே ஹாரன்தான் கண். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாட்டைக் காது அடைக்க வைத்தால், டிரைவர் பாதிக் குருடர் ஆகிறார் என்றே அர்த்தம்.

2025 ஏப்ரலில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, புல்லாங்குழல், தபலா, வயலின், ஹார்மோனியம் போன்ற நம் நாட்டு வாத்திய ஓசைதான் ஹாரனில் வர வேண்டும் என்று சட்டம் கொண்டு வர யோசிப்பதாகச் சொன்னார். நகரத்து இரைச்சலுக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் மலைப் பாதைக்கு இந்த யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. ஹாரன் கேட்டால் உஷாராக வேண்டும், தலையாட்டி ரசிக்கக் கூடாது. பல ஸ்வரம் மாறி மாறி ஒலிக்கிற ஹாரன் கூடாது என்று 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. 2019-ல் திருத்திய சட்டப்படி, கையில் செல்போனோடு ஓட்டுவது ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றம். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஜெயிலும் உண்டு. சட்டம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு போலீஸ்காரர் நிற்க முடியுமா?

"பாட்டு இல்லேன்னா தூக்கம் வருதுக்கா" என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. மெல்லிசாகப் பாட்டு ஓடட்டும். தூக்கத்துக்கு மருந்து மவுத் ஆர்கன் இல்லை. ஓரமாக நிறுத்தி, முகம் கழுவி, ஒரு டீ குடிப்பதுதான். பத்து நிமிஷம் தாமதமானால் எந்த முகூர்த்தமும் தப்பி விடாது.

கடைசியாக நம் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியில் போகிற வீட்டுக்காரருக்கு, "எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க, கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போடுவது யார்? நாம்தானே! எடுக்காவிட்டால் கோபித்துக் கொள்வதும் நாம்தான். இப்போதெல்லாம் நான் என் கணவர் போனை எடுத்ததும் முதலில், "வண்டி ஓட்டுறீங்களா?" என்று கேட்கிறேன். ஆமாம் என்றால் உடனே வைத்து விடுகிறேன்.

வேன் பேசும்போது வாடகையை நாலு தடவை பேரம் பேசுகிற நாம், "தம்பி, மலையில பாட்டுச் சத்தம் குறைவா இருக்கணும், ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது" என்பதையும் சேர்த்துப் பேசி விடலாமே. வண்டிக்குள் அவர் எல்லை மீறினால், ஆண்கள் பேசட்டும் என்று காத்திருக்காமல் நாமே சொல்லலாம். சடங்கு முடிந்து திரும்பும்போது நான் சொன்னேன். அந்தத் தம்பி முகம் சுளிக்கவில்லை. மவுத் ஆர்கனை என் மகனிடம் கொடுத்து, "போடி போய்ச் சேந்ததும் குடுடா" என்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி விட்டு, எங்களுக்காக ஒரு பாட்டு முழுசாக வாசித்தும் காட்டினார். மலையில் கேட்டதை விட அது இன்னும் இனிமையாக இருந்தது.

அந்த ஏலத் தோட்டத்து அம்மாவின் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். அவர்கள் வாசலில் காத்திருப்பது வீண் போகாமல் இருக்க, நாமும் கொஞ்சம் வாய் திறப்போமா தோழிகளே?

- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்.