கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்

முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. அமாவாசை முடிந்ததும் நிலா கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. பௌர்ணமிக்குப் பிறகு தேய்கிறது. ஏன்? பதிலை மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த பாராவுக்கு வாருங்கள். கூகுள் பார்க்கக் கூடாது.

‘பூமியோட நிழல் நிலா மேல விழுது, அதனாலதான்’ என்று சொன்னீர்களா? தப்பு. ஆனால் வெட்கப்பட வேண்டாம், உங்களுக்குத் துணைக்குப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இருக்கிறார்கள். 1987-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோடைக்காலமும் குளிர்காலமும் ஏன் மாறி மாறி வருகின்றன என்றோ, நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது என்றோ 23 பேரிடம் கேட்டார்கள். மாணவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் எல்லாரும் அதில் உண்டு. 21 பேருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ என்று அது ஆவணப்படமாகவே வந்தது. அதே படத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நிலாவைப் பற்றியும் கேட்பார்கள். டீச்சர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மனசுக்குள் தங்கள் பழைய கதையையே பத்திரமாக வைத்திருப்பார்கள் பிள்ளைகள்.

இந்த நிலா சமாசாரம் எனக்கு இப்போது ஞாபகம் வரக் காரணம் என் அண்ணன் மகள். பி.எட். படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், காபியைக் கூடக் குடிக்காமல் ஆரம்பித்தாள்.

“சித்தப்பா, நான் மோசமா எடுத்த கிளாஸுக்கு மார்க் ஜாஸ்தி. நல்லா எடுத்த கிளாஸுக்குக் கொறைச்சல். இதை எங்க போய்ச் சொல்றது?”

என்னிடம் சொன்னாள். நான் உங்களிடம் சொல்கிறேன்.

பி.எட். படிப்பு 2015-லிருந்து இரண்டு வருஷமாயிற்று. அதில் மொத்தம் 20 வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விதி. சில நாட்களில் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து, கையில் ஒரு படிவத்தோடு கடைசி பெஞ்சில் உட்காருவார். பயிற்சி ஆசிரியை பாடம் எடுப்பதைப் பார்த்து மார்க் போடுவார்.

நம்ம பெண்ணுக்கு ஏழாம் வகுப்பு. பாடம், நிலாவின் பிறைகள். மூன்று ராத்திரி கண் விழித்துப் பவர்பாயின்ட் தயாரித்திருக்கிறாள். அனிமேஷன், பின்னணி இசை, வட்டமாகச் சுற்றும் நிலா, எல்லாம் உண்டு. ஜன்னல்களை சார்ட் பேப்பரால் மறைத்து, லைட்டை அணைத்து, புரொஜெக்டரைப் போட்டாள். கரன்ட் போகவில்லை, ஒயர் பிடுங்கிக்கொள்ளவில்லை. வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். முடிந்ததும் கைத்தட்டல். படிவத்தில் ‘மிக நன்று’.

மறுநாள் கடைசி பெஞ்ச் காலி. சும்மா ஒரு ஆசைக்குக் கேட்டிருக்கிறாள், “சொல்லுங்க, பிறை ஏன் வருது?” முக்கால்வாசி வகுப்பு உற்சாகமாகக் கத்தியது, “பூமியோட நிழல் மிஸ்!”

நொந்து போய், நேற்று அப்படியா சொன்னேன் என்று கேட்டாள். முதல் பெஞ்சில் ஒரு குட்டிப் பெண் எழுந்து சொன்னாளாம், “நீங்க காட்டின படத்துல பூமிதானே மிஸ் நடுவுல இருந்துச்சு?”

யோசித்துப் பாருங்கள். படம் தப்பில்லை. அதைப் பார்த்த குழந்தை, தன் மனசில் ஏற்கெனவே இருந்த கதைக்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டது. இருட்டில் உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க அந்த ஸ்லைடுகளில் வழியே இல்லை. அமைதியாக இருந்தார்கள், அதனால் புரிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். சினிமா தியேட்டரிலும்தான் அமைதியாக இருக்கிறோம்.

அடுத்த தடவை கடைசி பெஞ்ச்காரர் வந்தபோது, அதே பாடத்தை வேறு மாதிரி எடுத்தாள். வகுப்பு நடுவில் ஒரு குண்டு பல்ப். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம், அதைக் குத்தி வைத்த ஒரு பென்சில். “திருஷ்டி கழிக்கப் போறீங்களா மிஸ்?” என்றது ஒரு வாண்டு. பல்ப்தான் சூரியன். உன் தலை பூமி. எலுமிச்சம்பழம் நிலா. கையை நீட்டி, பழத்தைத் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொண்டு, மெதுவாக இடப் பக்கமாகச் சுற்று.

பல்ப்பைப் பார்த்து நின்றால் பழத்தின் நம் பக்கம் இருட்டு, அமாவாசை. கொஞ்சம் திரும்பினால் ஓரத்தில் மெல்லிசாக வெளிச்சக் கீற்று, பிறை. கால் சுற்றில் பாதி நிலா. பல்ப்புக்கு முதுகைக் காட்டினால் முழு நிலா. நிலாவின் ஒரு பாதி எப்போதும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் நம் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. பூமியின் நிழலுக்கு இதில் வேலையே இல்லை.

ஒரு பையன் பழத்தைத் தாழ்த்திப் பிடித்துவிட்டான். அவன் தலையின் நிழல் பழத்தின் மேல் விழுந்தது. “மிஸ், மிஸ், கிரகணம்!” என்று அலறினான். ஆமாம், பூமியின் நிழல் வருவது அங்கேதான், சில பௌர்ணமிகளில் மட்டும். இதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே கண்டுபிடித்தான். இன்னொருத்தன் அதற்கும் மேலே போனான். “மூணாம் பிறை மேற்காலதானே தெரியும்? சூரியனும் அப்பத்தான் அந்தப் பக்கம் மறைஞ்சிருக்கும். அப்ப பூமி நிழல் கிழக்காலல்ல விழும்? அது எப்படி மிஸ் பிறை மேல விழும்?” இந்தக் கேள்வியை எந்த ஸ்லைடு கேட்க வைக்கும்?

படிவத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘வகுப்புக் கட்டுப்பாடு போதாது. தொழில்நுட்பப் பயன்பாடு இல்லை.’ மார்க் குறைந்துவிட்டது.

அந்தப் பெரியவரைத் திட்ட நான் வரவில்லை. அவர் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பினார். என் சண்டை அந்தக் கட்டத்தோடு. மிஷினைப் பயன்படுத்தினாயா என்று கேட்கிற படிவம், பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று கேட்கவில்லை. அப்படியானால் பாடம் யாருக்காக நடக்கிறது? முன் பெஞ்சில் இருக்கும் குட்டிப் பெண்ணுக்கா, கடைசி பெஞ்சில் இருக்கும் பெரியவருக்கா?

இந்த மயக்கம் புதுசில்லை. இனி பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு வேலையில்லை, எல்லாம் சினிமாப் படம்தான் என்று எடிசன் ஜோசியம் சொன்னது 1913-ல். புத்தகம் இன்னும் இருக்கிறது. நம் நாட்டில் 1975-76-ல் அமெரிக்க சாட்டிலைட் ஒன்றை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. பாடம் காட்டினோம். 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் என்ற சாட்டிலைட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பினோம். 2011-ல் தமிழ்நாட்டில் இலவச லேப்டாப். 2018-ல் புதுப் பாடப் புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. ஒவ்வொன்றாலும் கொஞ்சம் பிரயோஜனம் உண்டு, மறுக்கவில்லை. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சியும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் ஒவ்வொன்று வரும்போதும், இத்தோடு எல்லாம் மாறிவிடும் என்றார்கள். அந்த வாக்கைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தென் அமெரிக்காவில் பெரு நாடு திரும்பிப் பார்த்தது. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கிராமத்துப் பள்ளிகளில் வாரிக் கொடுத்தார்கள். பதினைந்து மாதம் கழித்துச் சோதித்ததில், மொழிப் பாடத்திலும் கணக்கிலும் லேப்டாப் வாங்கிய பிள்ளைகளுக்கும் வாங்காத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2012-ல் வந்த ஆய்வு இது.

‘அப்போ கம்ப்யூட்டரே வேண்டாங்கிறீரா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. எதிர்ப் பக்க சாட்சியையும் நானே கூப்பிடுகிறேன். 2015-ல் டெல்லியில், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பள்ளி விட்ட பிறகு கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்கள். மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள். நாலரை மாதத்தில் கணக்கிலும் ஹிந்தியிலும் நல்ல முன்னேற்றம். பெருவில் இல்லாதது டெல்லியில் என்ன இருந்தது? அந்த மென்பொருள் பிள்ளையைக் கேள்வி கேட்டது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்கே தகராறு என்றால், அங்கிருந்தே ஆரம்பித்தது. கூடவே சின்னச் சின்னக் குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார்கள்.

ஆக, மிஷின் நல்லதா கெட்டதா என்பது பேச்சே இல்லை. அது காட்டுகிறதா, கேட்கிறதா? யார் கையில் இருக்கிறது? இதுதான் பேச்சு.

இதைத் தமிழ்நாட்டுக்கு வெளியூர்க்காரர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு காரியம் செய்தார்கள். கரும்பலகையைக் கீழே இறக்கினார்கள். தரையில் உட்காரும் குழந்தையின் கை எட்டும் உயரத்தில், சுவர் நெடுகக் கறுப்புப் பெயின்ட். பிள்ளைக்கு ஒரு கட்டம், கையில் சாக்பீஸ், அவ்வளவுதான். அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன, சண்டைகள் நடந்தன. ஆனால் வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று அந்தச் சுவர் சரியாகச் சொன்னது. இறக்கின பலகையை இப்போது ஸ்மார்ட் போர்டு என்ற பெயரில் மறுபடி மேலே ஏற்றிவிட்டோம். பிள்ளைகள் மறுபடி அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கொரோனா முடிந்து பிள்ளைகள் பாடத்தை மறந்து வந்தபோது யாரைக் கூப்பிட்டோம்? 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று சுமார் 2 லட்சம் தன்னார்வலர்களை. பெரும்பாலும் பெண்கள். தெருத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசினார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது என்றும், அதில் ஏறக்குறைய கால் பங்கு இவர்களால் என்றும் ஆய்வு சொல்கிறது.

ஆனால் திண்ணைக்கு ரிப்பன் வெட்ட முடியாது. எலுமிச்சம்பழத்துக்கு டெண்டர் விட முடியாது. ஸ்மார்ட் வகுப்பறைக்கு முடியும். தனியார் பள்ளி நோட்டீஸில் புரொஜெக்டர் படம் போட்டால் அட்மிஷன் வரும். நாமும் அதைப் பார்த்துத்தான் ஃபீஸ் கட்டுகிறோம். அடுத்த தடவை கட்டுவதற்கு முன், ‘உங்க டீச்சருக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கடைசியா ஒரு பிள்ளை கேட்டது எப்போ?’ என்று அந்தப் பள்ளியைக் கேட்டுப் பாருங்கள்.

கல்வியியல் கல்லூரிகளுக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, படிவத்தில் ‘தொழில்நுட்பப் பயன்பாடு’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘பிள்ளைகள் கேட்ட கேள்விகள்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். எத்தனை கேள்வி, என்னென்ன கேள்வி என்று எழுதுங்கள். இரண்டு, மார்க்கை அன்றைக்கே போடாதீர்கள். மறுநாள் வந்து பிள்ளைகளிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அந்தப் பெண் அப்புறம் ஒரு காரியம் செய்தாளாம். பத்து நாள் தினமும் ஒரே நேரத்தில் நிலாவைப் பார்த்து வரையச் சொல்லி, வரைந்த நோட்டுகளோடு பிள்ளைகளைப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். ஸ்டெல்லேரியம் என்று ஒரு இலவச மென்பொருள். தேதியும் ஊரும் கொடுத்தால் அன்றைய வானத்தைக் காட்டும். தாங்கள் வரைந்தது சரியா என்று பிள்ளைகளே சரிபார்த்தார்கள். ஒரு பையன் தான் பிறந்த ராத்திரி நிலா எப்படி இருந்தது என்று பார்த்தானாம். அதே கம்ப்யூட்டர்தான். ஆனால் கேள்வி பிள்ளைகளுடையது. அன்றைக்குக் கடைசி பெஞ்சில் யாரும் இல்லை, மார்க்கும் இல்லை.

கிளம்பும்போது கேட்டேன், “அடுத்த மாசம் ஃபைனல் பிராக்டிகல்ஸ் இருக்கே, அதுக்கு எது? பிபிடியா, எலுமிச்சம்பழமா?”

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “பிபிடிதான் சித்தப்பா. மார்க் வேணுமே. வேலை கெடைச்சதும் எலுமிச்சம்பழம்.”

இத்தனை பக்கம் வீராவேசமாக எழுதுகிற நானும், ‘அதுதாம்மா சரி’ என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவளுக்கு முன்னால் இதே வாசலில் இதே மாதிரி சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்? வேலை கிடைத்த பிறகு அவர்களில் எத்தனை பேருக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் இருந்தது?