பலாக்கொட்டையை எறியலாமா?

பலாப்பழக் காலத்திலே கமக்காரர் வீடுகளில் நடப்பது யாவரும் அறிந்ததே. பழத்தைப் பிளந்து சுளைகளை உண்டபின், கொட்டைகளிற் சில கறிக்கென எடுக்கப்படுகின்றன. எஞ்சியவை சடையோடு சேர்ந்து எருக்குழிக்குப் போகின்றன. அதே வீட்டார் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், பெரும்போக நெல் இன்னும் வயலிற் பயிராய் நிற்கையில், பருப்பையும் உருளைக்கிழங்கையும் கோதுமை மாவையும் கடையிற் கடனுக்கு வாங்குகின்றனர். ஆடியில் எறிந்த உணவையே கார்த்திகையில் விலைகொடுத்து வாங்குகின்றனர் என்று கூறினும் பிழையாகாது.

எறியப்படுவது சிறிதளவன்று. ஒரு பழத்தில் 100 முதல் 500 வரையான கொட்டைகள் இருத்தல் கூடும். பழத்தின் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொட்டையே. 100 கிராம் பச்சைக் கொட்டையில் 6 முதல் 7 கிராம் வரை புரதமும், 25 கிராம் அளவில் மாப்பொருளும் உள. கொழுப்பு மிகக் குறைவு. அதே நிறையுள்ள சோற்றிற் புரதம் 3 கிராமுக்கும் குறைவு. உருளைக்கிழங்கில் 2 கிராம் அளவே. ஆகவே உருளைக்கிழங்குக் கறிக்குப் பதிலாகப் பலாக்கொட்டைக் கறி வைக்கும் வீட்டில் பிள்ளைகளின் உணவு குறைவதில்லை, கூடுகின்றது. ஆயினும் பருப்பின் இடத்தை அது முற்றாக நிரப்பாது. பயறு, கௌபி, மீன் என்பன கிடைக்கும் நாளில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளவே வேண்டும்.

பலாக்கொட்டை உண்டால் தலைமயிர் உதிராது, முதுமை அணுகாது என்றெல்லாம் எழுதுவோரும் உளர். அத்தகைய பேச்சினாற் பலாக்கொட்டைக்கு வந்த நன்மை ஒன்றுமில்லை. அது நல்ல உணவு, அவ்வளவே போதும்.

கொட்டையைப் பச்சையாக உண்ணலாகாது. புரதம் சமிபாடடைவதைத் தடுக்கும் பொருள்கள் அதில் உள. நன்கு அவித்தாலோ சுட்டாலோ அவற்றின் வலி பெரும்பாலும் அழிந்துவிடும். வாயு உண்டாகும் என்று முதியோர் கூறுவதும் வெறும் அச்சமன்று. கொட்டையின் மாப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலிற் சமிபாடடையாது பெருங்குடலை அடைந்து புளிப்பதே அதற்குக் காரணம். அளவாக உண்பதே இதற்கு வழி. உள்ளி, இஞ்சி, மிளகு சேர்த்துச் சமைக்கும் பழைய வழக்கமும் கைவிடத்தக்கதன்று. நீரிழிவு உள்ளோர் இதனைச் சோற்றுக்கு மேலதிகமாக அன்றி, சோற்றைக் குறைத்தே உண்ணவேண்டும்.

உரிப்பது வேலை மினக்கேடு என்பதே பெரும்பாலான வீடுகளிற் கேட்கும் முறைப்பாடு. அது நியாயமானதே, அவ்வேலையை இல்லாள் ஒருத்தியின் தலையிற் சுமத்திவிட்டு முற்றத்தில் இருந்து கதைக்கும் ஆடவர்க்கு அது விளங்குவதில்லை. எனினும் பாதி வேலை தேவையற்றது. மேலுள்ள தடித்த வெண்கோது மட்டுமே நீக்கப்படவேண்டியது. அவித்தபின் அது எளிதிற் கழன்றுவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தவிட்டுநிறத் தோலைச் சுரண்டவேண்டுவதில்லை. அதுவும் உண்ணத்தக்கது, நார்ப்பொருளும் தருவது.

யாழ்ப்பாணத்தில் ஒடியற்கூழுக்குப் பலாக்கொட்டை வேண்டுமென்று தேடுவோர் உளர். சிங்களக் கிராமங்களில் வறுத்துக் கருக்கிய தேங்காயோடு அதனைக் கறியாக்குவர். மாவாக்கிப் பாகு சேர்த்து உருண்டையும் பிடிப்பர். அவித்து, மெல்லிய துண்டுகளாக வெட்டி, வெயிலில் நன்கு உலர்த்தி இடித்து அரித்த மாவை நாலில் ஒரு பங்கு அரிசிமாவுடன் கலந்து பிட்டு அவிக்கலாம்; ரொட்டியும் சுடலாம். அம்மாவை மட்டும் கொண்டு பாண் செய்ய முயல்வது வீண், அது பொங்காது.

கமக்காரர் கவனிக்கவேண்டிய முக்கிய விடயம் சேமிப்பே. மணலிற் புதைத்து வைக்கும் முறை இந்நாட்டிற் பழையது. காயம்படாத கொட்டைகளைத் தெரிந்து, சுளைத்தசை சிறிதுமின்றிக் கழுவி, நிழலிற் பரப்பி ஈரம் போக்குதல் வேண்டும். நன்கு காய்ந்த மணலை மண்பானையில் ஒரு படை இட்டு, அதன்மேற் கொட்டைகளை ஒன்றோடொன்று முட்டாது பரப்பி, மீண்டும் மணல் இட்டு, இவ்வாறே நிரப்பி மூடி அடுப்படிப் பரணில் வைத்தால் சில மாதங்களுக்கு இருக்கும். மணலில் ஈரம் இருந்தாற் கொட்டை முளைக்கும், அல்லது பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்டதை அவித்தாலும் உண்ணலாகாது. அதனை எறிவதிற் கவலையில்லை.

பலாவைச் சிங்கள மக்கள் சோற்றுமரம் என்பர். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைப்பட்டு மீண்ட ஆதர் வீ. டயஸ் என்பார் நாடெங்கும் பலாக்கன்று நடுவித்து, ‘கொஸ் மாமா’ என்ற பெயரும் பெற்றார். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அனுமதியின்றிப் பலாமரத்தைத் தறிப்பதைத் தடுத்தது. 2022 ஆம் ஆண்டில் மாவும் எரிவாயுவும் கிடையாது மக்கள் வரிசையில் நின்றபோது, முற்றத்துப் பலா பல வீடுகளிற் பசி தீர்த்தது. மரத்தைச் சட்டம் காக்கும். கொட்டையைக் காக்கச் சட்டம் இல்லை. நெருக்கடி வந்தபோது மட்டும் கைநீட்டினால் அங்கே சேமித்த பானை இராது.

கன்று போட விரும்புவோர் மணற்பானையிலிருந்து கொட்டை எடுத்தலாகாது. உலர்ந்த பலாக்கொட்டை முளைதிறனை இழந்துவிடும். நல்ல மரத்தின் பழுத்த பழத்திலிருந்து பெரிய கொட்டைகளைத் தெரிந்து, கழுவி, பழம் வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே நடுதல் வேண்டும்.