கானகத்தில் ஒரு பொய்க்கணியம்

வருவது அறியும் வேட்கை மாந்தனுக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அவ்வேட்கையை முதலாக வைத்து வயிறு வளர்ப்போரும் இன்று நேற்றுத் தோன்றியவரல்லர். ஆயினும் மேலை நாடுகளில் இக்கால் பரவிவரும் வழக்கமொன்று தனித்து நோக்கத்தக்கது. 'தாரோ' எனும் படச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு காட்டிற்கோ கடற்கரைக்கோ செல்வது. மரவேரடியில் துணி விரித்துச் சீட்டுகளைப் பரப்புவது. காற்றில் புரண்ட சீட்டையும் அதன்மேல் உதிர்ந்த இலையையும் இயற்கைத் தாயின் விடையெனக் கொள்வது. இதற்கு வழிபாடு என்று பெயர். மெய்ந்நெறி என்றும் பெயர். எகிபதின் பழமறை என்றும் பெயர்!

இச்சீட்டுகளின் பிறப்பென்ன? 1440ஆம் ஆண்டளவில் வட இத்தாலியில், மிலான், பெராரா முதலிய ஊர்களின் அரசவைகளில், பொழுது போக்கப் புனைந்த சீட்டாட்டம் இது. மொத்தம் 78 சீட்டு. அவற்றுள் 21, ஏனையவற்றை வெட்டும் படச்சீட்டுகள். பிரான்சிலும் ஆசுத்திரியாவிலும் இன்றும் இதனை மக்கள் வெறும் ஆட்டமாகவே ஆடிக் களிக்கின்றனர். அவர்களுக்கு எந்த மறையும் அதில் தென்பட்டிலது.

மறை புகுந்த கதை நகைப்பிற்குரியது. கூர் தெ செபெலான் என்னும் பிரஞ்சுக்காரர் ஒருவர், ஒரு பெருமாட்டியின் இல்லத்தில் இவ்வாட்டத்தைக் கண்டு, கால்மணி நேரத்தில் அது எகிபதியரின் அறிவுநூலென்று முடிவு கட்டினார். 1781இல் அதனை நூலிலும் எழுதினார். அவர் காட்டிய சான்று ஒரு சொல். எகிபது மொழியில் 'தார்' என்றால் வழியாம். 'ரோ' என்றால் அரசனாம். எனவே தாரோ 'அரச வழி'யாம்! எகிபதின் பட எழுத்தைச் சாம்பொல்லியோன் படித்து வெளியிட்டதோ 1822இல். நாற்பத்தோராண்டு முன்னர், ஒருவராலும் படிக்கவியலாதிருந்த மொழிக்கு இவர் வேர்ச்சொல் கண்டார்! அவர் சென்ற சுவட்டிலேயே அல்லியெத்து என்பவர் தம் பெயரைத் தலைகீழாக்கி 'எத்தெல்லா' என்று புனைந்துகொண்டு, 1785இல் இச்சீட்டால் குறி பார்க்கும் முறையை நூலாக்கி விற்றார். இப்பொய்களையெல்லாம் ஆக்சுபோர்டுப் பேராசிரியர் மைக்கேல் தம்மெத்து 1980இல் ஒரு பெருநூலால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். அதன்பின்னும் வணிகம் குறைந்திலது.

தமிழன்பர்கள் இவ்விடத்துச் சற்று நிற்றல் வேண்டும். வேரறியாமல் ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உலகச் சொல்லையெல்லாம் தமிழென்று முழங்கும் ஆர்வலர் நம்மிடையும் உளர். நாளைக்கே ஒருவர் 'தாரோ என்பது தார் அணிந்த வேந்தன்' என்று எழுதினும் வியப்பில்லை. சொல்லாய்வு கடுநெறி, கால்மணி நேரத்தில் கைகூடுவதன்று. செபெலானை எள்ளும் வாய் நம்மவரையும் கடிந்தாக வேண்டும்.

இனிக் காட்டிற்குச் செல்வோம். இன்று பெரிதும் வழங்கும் சீட்டுக்கட்டு 1909இல் இலண்டனில் வெளிவந்தது. படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் சிமித்து என்னும் பெண்மணி. கட்டிற்கு வழங்கிய பெயரோ பதிப்பகத்தாரின் பெயரும், வரையச் சொன்ன வெயிட்டு என்பவரின் பெயரும்! கூலியும் சிறிது, அவர் 1951இல் கார்ன்வாலில் கடனாளியாய் இறந்தார். ஊழைக் காட்டும் சீட்டென்று உலகை நம்பவைத்தோர், அதை வரைந்தவரின் ஊழைப்பற்றி எண்ணினாரில்லை. அச்சீட்டுகளில் தளிர்விட்ட கோல்கள் உள, குளமும் பறவையும் உள, நிலவும் உளது. உண்மைத் தளிரும் உண்மை நிலவும் சூழ்ந்திருக்க, தாளில் அச்சிட்ட நிலவைக் குனிந்து பார்ப்பதுதான் இயற்கை வழிபாடா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி நிரல்படுத்தினார். வேரடியில் துணி விரித்தவருக்கு அம்மரத்தின் பெயரேனும் தெரியுமா?

'உள்ளம் அமைதியுறுகின்றதே' என்பர். உறும், மறுப்பாரில்லை. அதை அளித்தது காடு. விலை பெற்றது சீட்டு.

தமிழரிடம் குறி இருந்ததில்லையோ எனின், இருந்தது. மறைப்பானேன்? மகளிர் ஆடிக் களித்த கழங்கையே வேலன் எடுத்து உருட்டிக் குறி சொன்னான். அங்கும் ஆட்டக்காயே மறைபொருளாயிற்று. ஆனால் அதனை நம் புலவோர் விழுங்கிவிடவில்லை. தலைவியின் மெலிவு காதலால் வந்ததென்பதைத் தோழி அறிவாள். வெறியாட்டுக் களத்திற்கு வந்து நின்ற முருகனையே, கடவுளாயினும் நீ அறிவிலி என்று அவள் இடித்துரைப்பதை நற்றிணையின் 34ஆம் பாட்டிற் காணலாம். இன்று சென்னையிலும் கோவையிலும் ஆங்கிலம் கற்றோர் பணங்கொடுத்துத் தாரோக் குறி கேட்கின்றனர். கிளிக்கணியனைப் பார்த்து நகைப்பவரும் இவரே!

அச்சீட்டுக்கட்டை வாங்கிவிட்டவர் அதனை எறிய வேண்டுவதில்லை. தோப்பிற்கு எடுத்துச் செல்க. நால்வராய் அமர்க. இத்தாலியர் ஆடியவாறு ஆடுக.