அம்மாவிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு…

யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்கு வெளிக்கிடுகிற அன்று நாங்கள் எல்லாரும் சொல்லுகிற ஒரு வசனம் இருக்கு: "அம்மா, கிழமைக்கு ஒருக்கா பைக்கை ஸ்ராட் பண்ணி அஞ்சு நிமிசம் விடுங்கோ." சொல்லிப்போட்டு பஸ் ஏறிவிடுவோம். கட்டாருக்குப் போற அண்ணாமாரும் இதையேதான் சொல்லிவிட்டுப் போகினம்.

அந்த ஐந்து நிமிடம் பைக்கைக் கெடுக்கும் என்பதுதான் எங்கட கட்சி. பெற்றோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகும். நல்லாச் சூடேறி ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். நின்ற இடத்தில் கொஞ்சம் உறுமினால் சைலன்சருக்குள்ளும் ஓயிலுக்குள்ளும் தங்கிவிடும். ஸ்ராட்டருக்குச் செலவான பற்றரிச் சார்ஜும் அதற்குள் திரும்பி வராது.

எங்களில் ஒருவனின் பைக்குக்கு நடந்தது இதுதான். இரண்டு மாதத்தில் பற்றரி இறங்கிவிட்டது. பிறகு நின்றதில் காபிரேற்றருக்குள் பெற்றோல் காய்ந்து பிசினாகிவிட்டது. லீவில் வந்தவன் அம்மாவில் பாய்ந்தான். அவ ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் நோவோடு கிக்கர் அடிச்சுப் பார்த்தவ என்று தங்கச்சிதான் பிறகு சொன்னாள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த நாளில் அடகு வைச்ச காப்பில் வாங்கின பழைய பைக்குகள்தான் எங்களில் கன பேரிட்ட இருக்கிறது. போக முதல் ஒரு அரைநாள் அதுக்கு ஒதுக்கலாம்தானே.

கலைப்பீடக்காரருக்கும் விளங்குகிற வேலைதான். பழைய ஓயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அதை மாத்துங்கோ. இரும்பு ராங்க் என்றால் பெற்றோலை நிரப்பிவிடுங்கோ, வெற்றிடம் இருந்தால் ஈரம் பிடித்துத் துருவேறும். பிறகு பெற்றோல் பைப்பைப் பூட்டி, எஞ்சின் தானாய் நிக்கும்வரை ஓடவிட்டால் காபிரேற்றர் காய்ந்துவிடும். இன்ஜெக்ஷன் பைக்குக்கு இந்த வேலை இல்லை. பற்றரியைக் கழற்றுங்கோ, நெகட்டிவ் வயர் முதலில். மாதம் ஒருக்கா அதைச் சார்ஜ் போடச் சொல்லலாம். அதுக்குக் கிக்கர் அடிக்கத் தேவையில்லை. செயினுக்கு ஓயில், ரயருக்குக் காற்று, டபுள் ஸ்ராண்ட்.

மூடுறதுக்குப் பொலித்தீன் வேண்டாம். எங்கட வெக்கைக்கு உள்ளுக்க வேர்க்கும், கடற்கரைப் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். பழைய பருத்திப் போர்வை போதும். சைலன்சர் வாயில் குளவி கூடு கட்டாமல் ஒரு துணியைச் செருகி, அதை மறக்காமலிருக்கத் திறப்பில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கோ.

இவ்வளவும் வீட்டில் ஓடுறதுக்கு ஆளில்லாவிட்டால்தான். கிழமைக்கு ஒருக்கா ஒரு அரைமணித்தியாலம் ரோட்டில் ஓடுகிற பைக்குக்கு இது ஒன்றும் தேவையில்லை. அந்தத் தங்கச்சி லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம். "கியர் பைக் உனக்குச் சரிவராது" என்று அவளிடம் திறப்பைக் கொடுக்காமல் விட்டது எங்கட ஆள்தான். இந்த முறை கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பின் சீற்றில் இருந்து சந்தைக்குப் போறாவாம்.