கோர்வை கட்டியவர் யார்?

திருச்சி சங்கரன் 1971இல் டொரண்டோவுக்குப் போய் யார்க் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. லால்குடிக்குப் பக்கத்தில் பூவாளூரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் மிருதங்கத்தோடு அரங்கேறினார். அன்று பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு மிருதங்கம் வாசித்தவர் அவருடைய குரு பழனி சுப்பிரமணிய பிள்ளை. சென்னையிலேயே இருந்திருந்தால் சங்கரனுக்குக் கச்சேரிக்குப் பஞ்சம் வந்திருக்காது. ஆனாலும் போனார். போன இடத்தில், நம் ரசிகர்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து தென்னிந்திய இசைக்கு ஒரு படிப்பையே உருவாக்கினார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே அவர் பேராசிரியராக இருந்தார். மார்கழியில் சென்னைக்கு வந்து வாசிப்பதையும் விடவில்லை. தென்னிந்திய மிருதங்க வாசிப்பின் தாள இலக்கணத்தை விளக்கி 1994இல் ஒரு நூல், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் பற்றி 2010இல் இன்னொன்று எழுதினார். இந்தோனேசியாவின் கேமலான் குழுவுக்கும் மேற்கத்திய இசைக்குழுக்களுக்கும் இசை அமைத்தார். 2011இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது.

வாசிப்பு, கற்பித்தல், இசையமைப்பு என்று மூன்றும் ஒரே மனிதரிடம், மூன்றும் முழு வேலையாக அமைந்தன. இங்கேயே இருந்து இதை அவர் செய்திருக்க முடியுமா? கஷ்டம்தான். ஆற்றலுக்கு இங்கே குறைவில்லை. மாதச் சம்பளமும், உட்கார்ந்து எழுத நேரமும், எழுதியதை வாசித்துப் பார்க்க ஒரு குழுவும் சேர்ந்து கிடைக்கிற இடம்தான் இங்கே இல்லை.

சென்னையில் ஒரு மிருதங்க வித்வானின் பிழைப்பு கச்சேரிச் சன்மானத்தை நம்பி ஓடுகிறது. கச்சேரி பாடகருக்கு வருகிறது. பாடகர் வழியாகவோ சபா வழியாகவோ பக்கவாத்தியக்காரருக்கு வருகிறது. மிச்ச நேரத்தில் வீட்டில் பாடம் எடுக்கிறார். இசையமைப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அப்படி ஒரு வேலையை மிருதங்கக்காரர் செய்கிறார் என்பதே ரசிகர்களில் பலருக்குத் தெரியாது.

அது என்ன வேலை என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஆதி தாளம் எட்டு அட்சரம். சதுச்ர நடையில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்ற சொல்லுக்கு ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டால் மொத்தம் 19. அப்படியானால் 13 மாத்திரையை விட்டுப் பதினான்காவதில் எடுக்க வேண்டும். ஆவர்த்தனம் முடிகிற இடத்தில் சொல்லும் முடியும், அடுத்த அடி சமம், அதாவது தாளத்தின் தொடக்கம். இது குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற தீர்மானம். இதற்கு முன்னால் படிப்படியாகக் குறுகிவரும் ஒரு பகுதியைச் சேர்த்து, நடையை மாற்றி, எடுப்பு (பாடல் தொடங்கும் இடம்) சமத்தில் இல்லாமல் அரை இடம் தள்ளி இருக்கிற பாட்டுக்குப் பொருந்தும்படி கட்டினால், அது கோர்வை. கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது. வலந்தலையில் விழும் மீட்டும் சாப்பும், தொப்பியிலிருந்து எழும் கும்கியும் சேர்ந்து அது காதுக்கு இனிக்க வேண்டும். கணக்கை மறைத்து இனிமையை முன்னால் நிறுத்துவதில் பழனி பாணிக்கு ஈடு இணை கிடையாது. சங்கரன் வாசிப்பில் ரசிகர்கள் தேடிப் போய்க் கேட்பதும் அதைத்தான்.

ஆக, கோர்வை என்பது ஒரு படைப்பு. கீர்த்தனையில் தியாகராஜருக்கும் தீட்சிதருக்கும் முத்திரை உண்டு. எந்த ராகம், எந்தத் தாளம், யார் இயற்றியது என்று மேடையில் அறிவிக்கிறார்கள்; ரசிகர்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்கள். கோர்வைக்கு முத்திரை இல்லை, அறிவிப்பும் இல்லை.

கோர்வை மனோதர்மம், அந்தந்த நேரத்தில் தோன்றுவது, அதற்குப் போய்ப் பெயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மேடையிலேயே பிறக்கிற கோர்வைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாடமாகக் கட்டி, சீடர்களுக்குக் கற்பித்து, தலைமுறை தாண்டி வாசிக்கப்படுகிற கோர்வைகளும் ஏராளம். யார் கட்டியது என்று மிருதங்கக்காரர்களுக்குள் தெரியும். இது பழனி கோர்வை, இது மணி சார் கோர்வை என்று பேசிக்கொள்வார்கள். கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அது போய்ச் சேருவதில்லை. அந்த மணி சார், அதாவது 2023இல் மறைந்த காரைக்குடி மணி, தாளத்தையே மையமாக வைத்து ‘ஸ்ருதி லயா’ என்ற குழுவை அமைத்து அதற்கென்றே இசை கட்டியவர். ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவின் கலைஞர்கள் அவருடைய தாள அமைப்புகளைக் கற்று மேடையேற்றினார்கள். அவரை இசையமைப்பாளர் என்று நம் பத்திரிகைகள் எத்தனை முறை எழுதியிருக்கின்றன?

கற்பித்தலில் கதை கொஞ்சம் வேறு. இங்கே நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. கடம் விநாயக்ராமின் தகப்பனார் ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் தாளவாத்தியத்துக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். மிருதங்கப் பாடத்தைப் படிப்படியாக எழுதி 1969இல் நூலாகவும் கொண்டுவந்தார். காரைக்குடி மணியும் அவரிடம் கற்றவர்தான். பாலக்காடு மணி ஐயரே தம் கடைசிக் காலத்தில் ரிஷிவேலி பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நம் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பாக மிருதங்கமும் தவிலும் இருக்கின்றன. ஏழைப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல்.

ஆனால் தாளத்தை உலகத்துக்கு எடுத்துச் சொல்கிற ஆசிரியரை ஒரு கல்வி நிலையம் முழுதாகத் தாங்கிப் பிடித்தது கடல் கடந்துதான் நடந்தது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன், அவரும் பழனியின் சீடர், 1963இலேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கப் போனார். அவரிடம் கற்ற டேவிட் நெல்சன் 2008இல் சொல்கட்டுக்கு ஒரு பாடநூல் எழுதினார். மிருதங்கத்தைத் தொடாமலே, கையில் தாளம் போட்டு வாயால் சொல்லி எவரும் படிக்கக்கூடிய புத்தகம் அது. ஒரே குருவின் சீடர்கள் இருவர் டொரண்டோவிலும் வெஸ்லியனிலும் உட்கார்ந்து இத்தனை காரியம் செய்திருக்கிறார்கள். அந்தக் குருவோ 1962இல் சங்கீத கலாநிதி ஆகாமலே மறைந்தார்.

விருதைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. மிருதங்கத்துக்கு முதல் சங்கீத கலாநிதி 1966இல் பாலக்காடு மணி ஐயருக்குக் கிடைத்தது. அடுத்த மிருதங்க வித்வானுக்கு, உமையாள்புரம் சிவராமனுக்கு, அது வந்தது 2001இல். நடுவில் 35 ஆண்டுகள். அந்தக் காலத்தில் மிருதங்கம் இல்லாமல் நடந்த பாட்டுக் கச்சேரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்! 2001க்குப் பிறகு நிலைமை மாறியது. வேலூர் ராமபத்ரன், பாலக்காடு ரகு, சங்கரன் என்று தொடர்ந்தது. மாற முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

விருதில் வந்த மாற்றம் கச்சேரிக் கூடத்துக்கு இன்னும் வரவில்லை. தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் அங்கே படும் பாடு தெரிந்ததுதான். பாடகர் பெரிய உருப்படியை முடித்துத் தாளம் போட ஆரம்பித்ததும் கூடத்தில் பாதிப் பேர் எழுந்து காண்டீனுக்கு நடக்கிறார்கள். குறை ரசிகர்மேல் மட்டும் இல்லை. என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தாளம் என்ன, எடுப்பு எங்கே, எந்த நடைக்கு மாறப் போகிறார்கள் என்று தனி தொடங்கும் முன் யாராவது இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், உட்கார்ந்து கேட்பவர்கள் கூடுவார்கள். பாட்டுக்கு ராகத்தை அறிவிக்கிற அதே மைக்கில் இதையும் சொல்லலாமே.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. தனியில் வாசித்த கோர்வை இன்னாருடையது என்று மேடையிலேயே சொல்லும் வழக்கத்தை மிருதங்க வித்வான்களே தொடங்கி வைக்கலாம். அதற்குப் பாடகர்கள் இடம் கொடுக்க வேண்டும். சபாக்கள் மார்கழியில் ஒரு மாலை நேரக் கச்சேரியையாவது தாளவாத்தியக் கலைஞரின் தலைமையில், அவர் கட்டிய புது இசைக்கென்று ஒதுக்க வேண்டும். பழைய வித்வான்களின் கோர்வைகளை அவர்களுடைய சீடர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் சேகரிக்கும் வேலையைத் தமிழ்நாட்டின் இசைப் பல்கலைக்கழகம் கையில் எடுக்க வேண்டும். அங்கேயே, வாசிக்கவும் கற்பிக்கவும் இசையமைக்கவும் மூன்றுக்கும் சேர்த்துச் சம்பளம் தருகிற முழுநேரப் பணியிடம் ஒன்றை ஒரு மிருதங்கக் கலைஞருக்கென்று அரசு உருவாக்கித் தரட்டும். தவிலுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.